ஜோதிகா ஊற்றிய பால்

“ஊத்துடி, சூடு ஆறுது,” என்று புஷ்பவல்லி அத்தை பால் டம்ளரை ஜோதிகாவின் கையில் திணித்தாள்.

பாயில் கிடந்த அவள் அப்பா மாரியப்பனுக்கு இன்னும் மூச்சு இருந்தது. அதற்குள் வாசலில் ஷாமியானா போட்டாகிவிட்டது. மேளக்காரர்கள் இரண்டாவது டீயில் இருந்தார்கள். முகத்துவாரக்குப்பத்தின் அவசரம் அப்படி. அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடை அன்று நள்ளிரவோடு முடிகிறது. ஊரில் பிணம் கிடந்தால் ஒரு போட்டும் கடலில் இறங்காது. மதியத்துக்குள் போய்விட்டாரானால் சாயங்காலமே புதைத்துவிடலாம் என்று ஊரே பேசி முடித்திருந்தது. அவரிடம்தான் யாரும் கேட்கவில்லை.

மற்றவர்கள் எல்லாரும் பால் ஊற்றியாயிற்று. பெண்ணின் கைக்காகத்தான் உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். காலையிலிருந்து பதினான்கு முறை போன். ஜோதிகா எடுக்கவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில், கண்ணாடிக் குப்பிக்குள் தண்ணீரும் எண்ணெய்த் திரவமும் தொடுகிற இடத்தில் மின்சாரம் பாய்ச்சி, தங்கத்துகளும் பாலிமரும் கலந்த ஒரு படலத்தை வளர்த்துக்கொண்டிருந்தாள். மேசை அதிர்ந்தாலே கிழிந்துவிடும். பதினைந்தாவது போனுக்கு அதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“தண்ணிக்கு ஆடை கட்டினு இருந்தாளாம், மகாராணி,” என்று அத்தை மூக்கை உறிஞ்சினாள்.

மாரியப்பன் கண்ணைத் திறந்தார். “வந்துச்சாம்மா, அது?”

அந்தப் படலத்தைப் பற்றிப் போன வாரம் அவள் ஒருதரம் சொன்னதை நினைவில் வைத்திருந்தார்.

“வந்துடுச்சி நைனா. முழுசா.”

அவர் உதடு கோணியது, சிரிப்புத்தான். ஜோதிகா டம்ளரைக் கீழே வைத்தாள். “பேசுறாரு அத்தை! ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்.”

“அங்கேர்ந்துதான் அனுப்பிட்டாங்க,” அண்ணன் ரவிக்குமார் வாசலைப் பார்த்தபடியே சொன்னான். “ஏழு போட்டு ஐஸ் ஏத்திகினு நிக்குது, ஜோதி. ஒரு வாய்தான?”

“நான் ஊத்த மாட்டேன்.”

அத்தை டம்ளரை எடுத்து மறுபடி அவள் கையில் வைத்து, மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். முப்பது வருடம் மீன் வெட்டிய கை. டம்ளர் அவர் வாயில் சாய்ந்தது.

மாரியப்பன் மூன்று தரம் இருமினார். கண்கள் மகளையே பார்த்தன. பிறகு எதையும் பார்க்கவில்லை.

“பாத்தியா, உன் கைக்குத்தான் காத்துகினு இருந்தாரு எங்கண்ணன்!” அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். புண்ணியம் செய்த பெண் என்றார்கள் வந்தவர்கள். ரவிக்குமார் வெளியே மேளக்காரர்களுக்குக் கையைக் காட்டினான்.

அவரைக் குளிப்பாட்டத் தூக்கிப் போனார்கள். பாயின் ஓரத்தில் டம்ளர் அப்படியே இருந்தது. மீதிப் பாலின் மேல் மெல்லிய ஆடை படிந்திருந்தது. ஒவ்வொரு மேள அடிக்கும் டம்ளர் நடுங்கியது. ஜோதிகா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அது கிழியவில்லை.