புறாவுக்கு முன்னால் சுடுவது

கோழி ஆலையில் எனக்குப் பதினோரு வருஷம். கொக்கியில் தொங்கிக்கொண்டு கோழி வரும். கத்தியை ஒரே இடத்தில் பிடித்தபடி நிற்பேன். வந்ததும் இறக்கையை வெட்டுவேன். நான் கோழியிடம் போனதில்லை, அதுதான் என்னிடம் வரும்.

பத்மநாபன் சார் டெக்சாஸில் ஃபிரிஸ்கோ ஊருக்கு வடக்கே நிலம் வாங்கிச் சூரியகாந்தி போட்டிருக்கிறார். செப்டம்பரில் அதைத் தின்னப் புறா வரும். புறாவைச் சுட ஐ.டி. ஆட்கள் காசு கட்டி வேட்டைக்கு வருவார்கள். அங்கேயே தங்கி நிலத்தைப் பார்த்துக்கொள்ளவும், புதிதாக வருகிறவர்கள் பக்கத்தில் நின்று சுடச் சொல்லித்தரவும் ஓர் ஆள் வேண்டும் என்றார். வீடும் உண்டு. ஆலையை விட்டு வெளியே வர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"ஒரு பாக்ஸ். இருபத்தஞ்சு தோட்டா. எட்டு புறா விழுந்தா வேலை உங்களுக்கு, கோபாலண்ணா" என்றார்.

வேலியோரம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். வீட்டில் என் மனைவி கலாவதி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

முதல் ஒன்பது தோட்டாவும் வீண். வானத்தில் ஓரிடத்தில் துப்பாக்கியை நிறுத்தி, புறா அங்கே வரட்டும் என்று நின்றேன். வந்தது. சுட்டேன். போய்விட்டது.

"அண்ணா, புறா என்ன பஸ்ஸா? ஸ்டாப்புல நின்னு வெயிட் பண்றீங்க!" என்று சிரித்தார். "அதுக்குப் பின்னாடி இருந்து துப்பாக்கியைக் கொண்டு வாங்க. வால், உடம்பு, மூக்கு. மூக்கைத் தாண்டினா வெறும் வானம். அங்க சுடுங்க. சுட்ட பிறகும் கையை ஓட்டிக்கிட்டே இருங்க."

"புறா இல்லாத எடத்துல சுடறதுங்களா?"

"குண்டு போய்ச் சேர்றதுக்குள்ள அது அங்க வந்துடும்ணா."

பத்தாவது. வால், உடம்பு, மூக்கு, வானம். சத்தம் கேட்டது. கை ஓடிக்கொண்டே இருந்தது. சூரியகாந்திக்குள் புறா விழுந்தது. சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அடுத்த தோட்டாவைப் போட்டேன்.

இருபத்தொன்று சுட்டு முடித்தபோது ஏழு விழுந்திருந்தது.

சார் என் தோளில் தட்டினார். "ட்ரிகரை அழுத்தற நேரத்துல எல்லாரும் கையை நிறுத்திடுவாங்க. என் மச்சானுக்கு மூணு வருஷமா சொல்றேன், மண்டையில ஏறல. உங்களுக்கு மட்டும் எப்படிண்ணா?"

"அழுத்தறது தெரிஞ்சாத்தானுங்க சார் கை நிக்கும். எனக்குச் சத்தம் கேட்டாத்தான் சுட்டதே தெரியுது."

அவர் சிரிப்பு நின்றது. துப்பாக்கியை வாங்கி, உள்ளே இருந்த தோட்டாவை எடுத்தார்.

"கையை நீட்டுங்க. கண்ணை மூடுங்க."

மூடினேன். காற்று அடித்தது.

"எந்த விரல்?"

"இன்னும் நீங்க தொடலீங்களே."

கண்ணைத் திறந்தேன். கார் சாவியின் முனையை என் ஆள்காட்டி விரலில் அழுத்திப் பிடித்திருந்தார். தோலில் குழி விழுந்திருந்தது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்குமுங்க. ஆலை லைன்ல நிக்கறவங்க பாதிப் பேருக்கு இப்படித்தான்."

"லோடு பண்ணின துப்பாக்கி, அண்ணா. பக்கத்துல ஆளுங்க நிப்பாங்க. விரல் ட்ரிகர்ல இருக்கறதே உங்களுக்குத் தெரியலைன்னா..."

"நாலு தோட்டா மீதி இருக்குங்க சார்."

"வேணாம்ணா" என்றார். தோட்டாக்களைப் பையில் போட்டுக்கொண்டார்.

காரில் ஏறியதும் கலாவதி கூப்பிட்டாள்.

"என்னாச்சுங்க?"

"ஏழு விழுந்துச்சு."

"அய்யோ, ஒண்ணுதானே கொறையுது. கேட்டுப் பாக்கக் கூடாதுங்களா?"

"கேட்டேன். முடியாதுன்னுட்டாரு."

"ஒரு புறாவுக்கா? என்ன மனுசனோ!"

"அவரைச் சொல்லாதே" என்றேன். "நான்தான் சரியாச் சுடல."