ராஜினாமா தேதி

அமெரிக்காவில் ஏதோ ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடங்களின் ஆசிரியர் ஒப்பந்தம், எண்பத்து நான்கு பக்கம், இளவரசுவின் லேப்டாப்பில் திறந்து கிடந்தது. வருஷத்துக்கு எத்தனை நாள் நோய் விடுப்பு, ராஜினாமாவை யார் ஏற்க வேண்டும் என்று தேடிப் பிடித்துக் கட்டங்களில் நிரப்ப வேண்டும். தினம் நாலு மணி நேரம், திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் இருந்தபடியே. இதெல்லாம் யாருக்கு, எதற்கு என்று அவன் கேட்டதில்லை. ஒன்றை மட்டும் அடித்துச் சொல்லியிருந்தார்கள்: எந்தத் தேதியையும் அப்படியே நம்பாதே, அந்த ஊர்ப் பள்ளி காலண்டரோடு ஒத்துப்பார்.

அவன் மனைவி பிரீதா செத்து மூன்று மாதம். சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஏப்ரலில் ஒரு மதியம் புவனகிரி சாலையில் லாரி மோதியது. அந்த நேரத்தில் அவள் வகுப்பில் இருந்திருக்க வேண்டும். பள்ளியில் போய்க் கேட்டான். ஜனவரியிலேயே நின்றுவிட்டாரே என்று ராஜினாமா கடிதத்தின் நகலை நீட்டினார்கள். அவள் எழுத்துதான்.

அப்படியென்றால் மூன்று மாதம், ஏழு பத்து பஸ்ஸுக்குச் சோற்று டப்பாவோடு கிளம்பிப் போனவள் எங்கே போனாள்? அழுகை அத்தோடு நின்றுபோனது. அவள் கைப்பையைக் கொட்டிப் பஸ் டிக்கெட்டுகளைப் பார்த்தான். போனில் தெரியாத எண்கள் பதினொன்று. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டான். ஒரு ஆண்குரல், "நாங்கதான் வேணாம்னு சொல்லிட்டமே, திரும்பத் திரும்ப ஏன் தொந்தரவு பண்றீங்க" என்று வைத்துவிட்டது. அந்தக் குரல் வாரக்கணக்கில் அவன் காதை விட்டுப் போகவில்லை.

அவள் தம்பி சபேஷ் போனில் வந்தான். "இன்னும் அமெரிக்கா வாத்தியாருங்க லீவத்தான் எண்ணிக்கினு இருக்கீங்களா மாமா? இதுக்கெல்லாம் ஒருத்தன் சம்பளம் குடுப்பானா? எனக்கென்னமோ டவுட்டாவே இருக்கு."

"எனக்கும்தான் மச்சான்."

"அக்கா எங்க போச்சுன்னு கூட இருந்த ஒங்களுக்கே தெரியல."

இளவரசு போனை வைத்துவிட்டான்.

ஒப்பந்தத்துக்குத் திரும்பினான். ராஜினாமா பெறப்பட்ட தேதி என்றொரு கட்டம். பழக்க தோஷத்தில் கை தானாக அலமாரிக்குப் போய் அவள் கடிதத்தை எடுத்தது. ஜனவரி பதிமூன்று. கீழே முத்திரை: நேரில் பெறப்பட்டது, காலை 10.30. காலண்டரைத் திறந்தான். ஆருத்ரா தரிசனம். மாவட்டம் முழுக்க விடுமுறை. போகியும் அன்றைக்கே வந்தது. பத்தரை மணிக்கு பிரீதா இதே வீட்டில் களி கிண்டி, அடி பிடிக்கவிட்டு, கரண்டியோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சிதம்பரத்தில் பள்ளி அலுவலகத்தில் நின்றான். கிளார்க் கொளஞ்சியப்பன் அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் பேசினார். அன்றைக்குத்தான் வேலையில் சேர வந்தவள், பெயர் பிரிசில்லா. அவர் கொடுத்த மாதிரியைப் பார்த்து வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"தேதிய மட்டும் விட்டுடும்மா. நாங்க பாத்துக்குறோம். அப்பறம், ஏப்ரல்ல வீடு வீடாப் போயி அட்மிஷனுக்குப் புள்ள புடிக்கணும். புவனகிரி பக்கம் ஒனக்கு. அங்க இப்ப ஆளில்ல."

இளவரசுவுக்கு அப்போதுதான் விளங்கியது. வேண்டாம் என்று சொன்ன அந்த ஆண்குரல் ஏதோ ஒரு பிள்ளையின் அப்பா. அவள் வேலையில்தான் இருந்திருக்கிறாள், கடைசி மதியம் வரைக்கும். ஒரு பொய்யும் சொல்லவில்லை. சந்தேகப்பட்டது இவன்தான்.

"ஜனவரி பதிமூணு ஆருத்ரா சார். ஸ்கூல் பூட்டிக் கெடந்துச்சு. பிரீதா லெட்டர்ல யாரு சார் சீல் போட்டது?"

கொளஞ்சியப்பன் உள்ளறைக் கதவை ஒரு பார்வை பார்த்தார். குரல் இறங்கியது. "நா வெறும் கிளார்க்கு சார். சேரும்போதே எல்லார்கிட்டயும் தேதியில்லாம எழுதி வாங்கிடுவாங்க, ஏதாச்சும் ஆனா கைகழுவிக்க. எம்பேர்லயும் ஒண்ணு அந்த பீரோவுல இருக்கு."

இளவரசு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினான். ராஜினாமா செய்கிறேன் என்ற வரியை முடித்து, கையெழுத்துப் போடப் போனாள்.

"தேதி போடுங்க" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள், கிளார்க்கைப் பார்த்தாள். பேனா முனை தாளில் ஊன்றியபடி நின்றது. அதைச் சுற்றி ஒரு நீலப் புள்ளி மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.