திட்டப் போனவள்

மகள் செத்த அன்று இஞ்ஞாசியம்மாள் அழவில்லை. ஊரில் அதுவே பெரிய பேச்சாகிப்போனது. கல்நெஞ்சுக்காரி என்றார்கள் சிலர்.

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில், ரோட்டுக்கு இந்தப் பக்கம் வீடுகளும் அந்தப் பக்கம் மல்லிகைத் தோட்டங்களுமாகக் கிடந்த சின்ன ஊர் அது. காலையில் மொட்டுப் பறித்துக் கூடை கட்டி ரோட்டோரம் வைத்தால், திண்டுக்கல் போகிற பூ வேன் நின்று ஏற்றிக்கொள்ளும். ஐம்பத்தேழாம் வருஷத்தில் ஒருநாள், தோட்டத்தில் நின்ற அம்மாவுக்குத் தூக்குவாளியில் நீராகாரம் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள் லூர்து. ஏழு வயது. வேன் வந்ததை அவள் பார்க்கவில்லை.

வேன் ஓட்டிவந்த ரஹ்மத்துல்லா திண்டுக்கல் பேகம்பூர்க்காரன். வேறொருவனாக இருந்தால் ஓடியிருப்பான். அவன் பிள்ளையை வாரியெடுத்துத் தாயின் மடியில் கிடத்தி, பூக்கூடைகளுக்கு நடுவே அவளை உட்காரவைத்து, திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு வேனை விரட்டினான். "யா அல்லா, யா அல்லா" என்று வழியெல்லாம் அவன் முனகிக்கொண்டே வந்தது அவள் காதில் விழுந்தது. சின்னாளப்பட்டி தாண்டும்போது லூர்துவின் முனகல் நின்றது. மடியில் கிடந்த உடம்பு வேறாகிப்போனது இஞ்ஞாசியம்மாளுக்குத் தெரிந்தது. அவனிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை அவன் விரட்டிக்கொண்டேதான் இருந்தான்.

கோர்ட்டில் அவளைக் கேட்டார்கள். பார்த்ததைச் சொன்னாள். "புள்ளதான் குறுக்க ஓடுச்சு. வேனும் வேகமாத்தான் வந்துச்சு." அவனுக்கு ஒரு வருஷம் ஜெயில் கிடைத்தது.

புருஷன் சூசைமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை. "குறுக்க ஓடுச்சுன்னு ஒன்ன யாருடி சொல்லச் சொன்னது? பெத்தவளா நீ?" என்று கோர்ட்டு வாசலிலேயே கத்தினான். அதோடு பேச்சு நின்றது. அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, படுக்க மட்டும் வருவான்.

அவளால் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. மல்லிகை வாசம் பட்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுவாள். தண்ணீர் பாய்ச்ச ஆளில்லாமல் செடிகள் காய்ந்தன. களைவெட்டுக்கும் கதிர் அறுப்புக்கும் பூ மணக்காத ஊர்களாகத் தேடிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள், உதடு அசையாது.

இரண்டு வருஷம் கழித்து, இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி வாசலில் வந்து நின்றாள்.

"நான் ரஹ்மத்துல்லா சம்சாரம். அஜீஸுன்னிசா."

இஞ்ஞாசியம்மாள் உட்காரச் சொல்லவில்லை. "எதுக்கு வந்த?"

"அவரு வெளிய வந்து வருசமாகப் போகுதுக்கா. வண்டியத் தொடல. செவரப் பாத்து உக்காந்தே இருக்காரு. சோறு வச்சாத் திங்கிறாரு, வைக்கலன்னாக் கேக்குறதில்ல. 'ஒம்மேல தப்பில்ல, எல்லாம் விதி'ன்னு ஊரே சொல்லுது. சொல்லச் சொல்லத்தான் மனுசன் உள்ளுக்குள்ள போய்க்கிட்டே இருக்காரு."

"அதுக்கு நான் என்னத்தப் பண்ண?"

"வந்து ஒரு தடவ திட்டிட்டுப் போங்கக்கா. வாயில வந்தபடி திட்டுங்க. அந்தப் பாத்தியதை ஒங்களுக்கு மட்டுந்தான் இருக்கு. யாரும் திட்டாமத்தான் அவரு செத்துக்கிட்டிருக்காரு."

"போயிரு" என்றாள் இஞ்ஞாசியம்மாள். அஜீஸுன்னிசா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

ஆனால் அந்தப் பேச்சு போகவில்லை. கதிர் அறுக்கும்போதும் கஞ்சி குடிக்கும்போதும் காதுக்குள் நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கென்று கிளம்பியவள் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினாள். லூர்து போனபின் அந்த ரோட்டில் அவள் போனதில்லை. சின்னாளப்பட்டி வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். என்ன திட்டுவது என்று வழிநெடுக யோசித்து வைத்திருந்தாள்.

பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வாடை வீசிய சந்தில் இருந்தது அந்த வீடு. அவளைக் கண்டதும் ரஹ்மத்துல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். தாடியும் எலும்புமாக இருந்தான். யோசித்து வைத்த ஒரு வசவும் அவளுக்கு வரவில்லை.

"அவளுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்திருந்துச்சு" என்றாள். "மொளைக்கிறதுக்குள்ள கொன்னுட்டியேடா பாவி!"

அப்புறம் மடை உடைந்தது. லூர்து என்ன தின்பாள், எதற்குப் பயப்படுவாள், பூசையில் எப்படித் தூங்கி விழுவாள், எல்லாம் வசவோடு வசவாக வந்தன. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவன் கையைக்கூட உயர்த்தவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கியபோதுதான் பேசினான்.

"சின்னாளப்பட்டி தாண்டயில சத்தம் நின்னுபோச்சும்மா. எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் ஓட்டுனேன். வண்டிய நிறுத்துனா அது நெசமாயிருமேன்னு..."

இஞ்ஞாசியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அந்த வேனுக்குள் தான் மட்டும் தனியாக இருந்ததாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழும்பி வந்தது. சந்துப் பெண்கள் ஓடிவந்து பார்க்கிற அளவுக்கு ஓங்கி அழுதாள். அஜீஸுன்னிசா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

கிளம்பும்போது வாசற்படியில் நின்று இஞ்ஞாசியம்மாள் அவனிடம் சொன்னாள்: "நீ செவரப் பாத்து உக்காந்துட்டா ஏம் புள்ள எந்திரிச்சு வந்துருவாளா? போய் வண்டிய எடு. மெதுவா ஓட்டு."

மன்னித்துவிட்டேன் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை.

விஷயம் தெரிந்து சூசைமுத்து கொதித்தான். "அவன் வீட்டு வாசப்படிய மிதிச்சயா?" என்று கையை ஓங்கி வந்தான். அழுது வீங்கிய முகத்தைப் பார்த்ததும் கை தானாக இறங்கியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டான். அவள் சொன்னாள். வேட்டி நுனியை வாயில் அடைத்துக்கொண்டு அவனும் அழுதான். அண்ணன் வீட்டுச் சோறு அதோடு முடிந்தது.

காய்ந்த செடிகளைக் கவாத்து வெட்டி இருவரும் தண்ணீர் பாய்ச்சினார்கள். முதல் பூ வந்தபோது மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டுதான் பறித்தாள். துணியை அவிழ்க்க ஒரு பருவம் ஆயிற்று.

அறுபதுகளில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் கட்டினார்கள். திறந்த அன்றைக்குக் காலையிலேயே இஞ்ஞாசியம்மாள் நடுரோட்டில் போய்க் கையை உயர்த்தி நின்றாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. பஸ்காரர்கள் வைதார்கள். பைத்தியம் என்றார்கள். மழையிலும் வெயிலிலும் விடாமல் நிற்பதைப் பார்த்துப் போகப்போகப் பழகிக்கொண்டார்கள்.

ரஹ்மத்துல்லாவின் பூ வேனும் அந்த வழியாகத்தான் வந்தது. அவள் கையை உயர்த்துமுன்பே தூரத்தில் நிறுத்திவிடுவான். இருவரும் பேசிக்கொள்வதில்லை. பிள்ளைகள் தாண்டி முடிக்கும்வரை அவன் ஸ்டீயரிங்கில் கைவைத்துக் காத்திருப்பான்.

ஒருநாள் புதிதாக வந்த லாரிக்காரன் ஒருவன் ஹாரனை அடித்துத் தள்ளினான். "யாரும்மா நீ? ஒன்ன யாரு இங்க நிக்கச் சொன்னது?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தயங்கி நின்ற சிறுமியின் கையைப் பிடித்தாள்.

"செத்த நேரம் பொறுப்பா. புள்ளைக போகட்டும்."