அம்பு டார்லாவுடையது

ஓரின் க்ரூகருக்கு நல்ல ஜலதோஷம். மூக்கு சிவந்து வீங்கி, பையில் ஒரு கைக்குட்டை, கையில் ஒரு கைக்குட்டை என்று அலைந்துகொண்டிருந்தான். அந்த மூக்கை வைத்துக்கொண்டுதான் தம்பி மனைவியின் அம்பை வாங்கி, பெரிய நிபுணன் மாதிரி இழுத்து இழுத்து முகர்ந்தான்.

"ஒரு நாத்தமும் இல்ல. நுரையீரல்லதான் பட்டிருக்கு. கிளம்புங்க, போய் எடுத்துட்டு வந்துடலாம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

வேறொரு நாளாக இருந்தால் டார்லா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அம்பைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். அது மானைத் துளைத்துக்கொண்டு போய் ஓடைக்கரைச் சேற்றில் குத்தி நின்றிருந்தது. ரத்தத்தில் பாதிக்கு மேல் சேறும் தண்ணீரும் துடைத்துவிட்டன. இறகுப் பக்கம் கொஞ்சம் ரத்தம் ஒட்டியிருந்தது. அது கருஞ்சிவப்பா வெறும் சிவப்பா என்று மேகம் மூடிய அந்த வெளிச்சத்தில் யார் சொல்ல முடியும்? ஆனால் குடலில் பட்ட அம்பில் வரும் புளித்த வாடை ஒன்று அவள் மூக்குக்கு லேசாக வந்தது.

"ராய்ஸ், நீ பாரு" என்று கணவனிடம் நீட்டினாள்.

ராய்ஸ் முகர்ந்தான். அண்ணனைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். மறுபடி முகர்ந்தான்.

"வர்ற மாதிரியும் இருக்கு, வராத மாதிரியும் இருக்கு."

"நல்லா சொன்ன போ! உன்ன சாட்சிக்குக் கூப்பிட்டா ரெண்டு பக்கமும் ஜெயிச்சுடும்" என்றான் ஓரின்.

மூவரும் சோளம் அறுத்த வயலின் ஓரத்தில், பிக்கப் வண்டியின் பின்பலகையைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தார்கள். கீழே சரிவில் ஓக் மரங்கள். அதற்கும் கீழே ஓடையும் கோரைப்புதரும். அங்கேதான் எங்கேயோ அந்த மான் இருக்கிறது. டார்லாவின் அம்பு அதை ஊடுருவிப் போயிருக்கிறது.

நவம்பர் பிறந்தால் ஆண்மானுக்குப் புத்தி மழுங்கிவிடும். பெண்மான் போன வழியை மோப்பம் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து வந்த அந்த மானும் மரத்தின் மேல் பரணில் ஒருத்தி உட்கார்ந்திருப்பதைக் கவனிக்கவே இல்லை. டார்லா வில்லை இழுத்து, மூச்சைப் பிடித்து, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே குறி வைத்து விட்டாள். அவள் விடவும் அது ஓர் அடி முன்னால் எடுத்து வைக்கவும் சரியாக இருந்தது. அந்த ஓர் அடிதான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. நெஞ்சில் பட்ட மான் துள்ளிப் பாயும். இது பாயவில்லை. வயிற்றுவலிக்காரன் மாதிரி முதுகை வளைத்துக்கொண்டு, வாலைத் தாழ்த்தி, மெல்ல நடந்து கோரைக்குள் போனது. அந்த நடை டார்லாவின் கண்ணிலேயே நின்றது.

பரணில் வெகுநேரம் அசையாமல் இருந்துவிட்டுத்தான் இறங்கினாள். அம்பை எடுத்துக்கொண்டு, மான் போன பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், மறுபக்கமாக மேடேறி வந்து இருவரையும் போனில் கூப்பிட்டாள்.

அந்தப் பக்கத்தில் வில் பிடிக்கும் யாருக்கும் இது தெரிந்த கணக்கு. நெஞ்சில் பட்டிருந்தால் ஒரு காப்பி குடிக்கும் நேரம் பொறுத்துவிட்டுப் போகலாம். ஈரலிலோ குடலிலோ பட்டிருந்தால் அரைநாளாவது அதன் பக்கமே போகக் கூடாது. துரத்தாவிட்டால் அது பக்கத்திலேயே படுத்துவிடும். துரத்தினால் எங்கிருந்தோ பலம் வந்து எழுந்து, காடு தாண்டி மேடு தாண்டி ஓடி, யாருக்கும் கிடைக்காத இடத்தில் நாள் கணக்கில் துடித்துச் சாகும். ஓரினுக்கு இது டார்லாவை விடவும் நன்றாகவே தெரியும். ஆனால் ஓரினின் கையில் போன் இருந்தது. போனில் மழை இருந்தது.

"இங்க பாரு" என்று திரையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "மிசிசிப்பி ஆத்தத் தாண்டிடுச்சு. மத்தியானத்துக்குள்ள கொட்டப் போகுது. ரத்தத் தடம் எல்லாம் கழுவிட்டுப் போயிடும். அப்புறம் எதப் பாத்துட்டுத் தேடுவ? ஜோசியமா பாப்ப?"

"முதுக வளைச்சுக்கிட்டு நடந்துச்சு ஓரின். நான் பாத்தேன்."

"முதல் மான் அடிக்கும்போது எல்லாருக்கும் எல்லாம் வளைஞ்சுதான் தெரியும், அம்மணி."

"நான் ஒண்ணும் கனவு காணல."

"சரி, உன் இஷ்டத்துக்கே வருவோம். வயித்துலதான் பட்டிருக்குன்னு வெச்சுக்க. மழையில படுத்துக் கிடக்கும். சாயங்காலத்துக்குள்ள கொயோட்டி நரிங்க மோப்பம் பிடிச்சு வந்து உயிரோடயே பிச்சுத் தின்னும். அதுக்கு விட்டுட்டு நாம இங்க உக்காந்து சாஸேஜ் தின்னலாமா?"

அவன் சொல்லாமலே டார்லா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கோடை முழுக்க வைக்கோல் கட்டின் மீது அம்பு விட்டு விட்டுத் தோள் கழன்றதெல்லாம் எதற்காக? அடித்தால் ஒரே அடியில் சாய வேண்டும், எதுவும் தன்னால் துடிக்கக் கூடாது என்பதற்காகத்தானே? இப்போது அங்கே ஒன்று துடித்துக்கொண்டிருக்கிறது. ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவள் கால்கள்தான் ஓரினின் கால்களை விடவும் அதிகமாகப் பறந்தன. போகாமல் நிற்பது கல்நெஞ்சுக்காரி வேலை மாதிரி இருந்தது. ஆனால் போனால் அது எழும். எழுந்தால் அதன் வலி இரட்டிக்கும், சாவு தள்ளிப்போகும், கடைசியில் யாருக்கும் கிடைக்காது. இப்போது போவது மானுக்காக இல்லை, தன் மனசு ஆறுவதற்காகத்தான் என்று அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

"யாரும் போக வேண்டாம்" என்றாள். "மத்தியானம் தாண்டட்டும்."

"மழையிலயா?"

"மழையிலதான்."

ஓரின் கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினான். அந்தச் சத்தத்திலேயே பாதி பதில் இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் காவல் காத்துட்டு இருங்க. நான் சும்மா போய் முதல் ரத்தத்த மட்டும் பாத்துட்டு வரேன்" என்று சரிவைப் பார்த்து நடந்தான்.

"சும்மா போய் பாத்துட்டு வரேன்" என்று கிளம்பியவர்களால் தொலைந்த மான்கள் அந்த மாவட்டத்தில் எத்தனையோ.

"ஓரின்! நில்லுங்க!" டார்லாவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அம்பு யாரோடதோ பேச்சும் அவங்களோடதுன்னு உங்க வீட்டுச் சட்டம்தானே? போன வருஷம் உங்க மானுக்கு ராத்திரி பூரா எல்லாரையும் உக்கார வெச்சீங்களே, அப்ப நான் ஒரு வார்த்தை பேசினேனா?"

ஓரின் நின்றான். திரும்பினான். முகத்தில் கோபம்கூட இல்லை, வெறும் ஆச்சரியம்தான்.

"அது வந்து... அது எங்க அண்ணன் தம்பிக்குள்ள."

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது போலிருக்கிறது. கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தான். டார்லா இந்த வீட்டுக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். சமைத்தாள், கறி வெட்டினாள், பரண் கட்ட ஆணி பிடித்தாள். அம்பு விடலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது என்றால் அது என்ன குடும்பம்? மான் போனால் போகிறது என்று ஒரு கணம்கூட நினைக்க முடியவில்லை. இரண்டும் ஒன்றாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டன. அவள் சொல் நின்றால்தான் அந்த மான் நிம்மதியாகச் சாகும்.

அவள் ராய்ஸைப் பார்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து மதில்மேல் பூனையாகவே காலம் தள்ளிவிட்டவன் அவன். அம்மா சமையல் நல்லாயிருக்கா, பெண்டாட்டி சமையல் நல்லாயிருக்கா என்றால் 'பசியே இல்லை' என்று எழுந்துவிடுவான். இப்போதும் தொப்பியைக் கழற்றினான், தலையைச் சொறிந்தான், மேகத்தைப் பார்த்தான்.

பிறகு வண்டியின் பின்பலகையில் ஏறி, கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணே, வந்து உக்காரு" என்றான். "அம்பு அவளோடது."

"டேய், மழைடா!"

"மழைதான். வந்து உக்காரு."

ஓரின் வந்தான். உட்காரவில்லை. வண்டிக்குள் ஏறிக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு ரேடியோவைப் போட்டான். அதுவும் ஒரு வகையில் உட்கார்வதுதானே என்று டார்லா விட்டுவிட்டாள். ராய்ஸின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனை எதிர்த்து அவன் பேசியது இதுதான் முதல் தடவையாக இருக்கும், பாவம்.

மழை சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தது. முதலில் தூறல், பிறகு கண் தெரியாமல் கொட்டியது. வண்டிக்குள் மூன்று பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கண்ணாடியில் ஆவி படிய உட்கார்ந்திருந்தார்கள். ராய்ஸ் சீஸ் பொட்டலத்தைப் பிரித்தான். டார்லாவுக்கு ஒரு துண்டுகூட இறங்கவில்லை. நெஞ்சில்தான் பட்டிருந்தால்? ஓரின் சொன்னதுதான் சரியென்றால்? அப்படியானால் காலையிலேயே செத்து, தடமும் போய், நல்ல கறி மழையில் ஊறிக்கொண்டிருக்கும். இந்த வீட்டில் அவள் பேர் காலத்துக்கும் ஒரு கேலிக்கதை ஆகிவிடும். நூறு தடவை கதவுப் பிடிக்குக் கை போனது. நூறு தடவையும் அந்த வளைந்த முதுகை நினைத்துக் கையை எடுத்தாள்.

மத்தியானம் நன்றாகச் சாய்ந்த பிறகு, மழை சற்றுத் தணிந்தபோது, "இப்ப போலாம்" என்றாள்.

ரத்தம் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை. அம்பு நின்ற இடத்தில் தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது. ஓரின் இடுப்பில் கை வைத்து நின்றான். 'நான்தான் சொன்னேனே' என்று வாய்வரை வந்ததை எப்படியோ விழுங்கிக்கொண்டான். அதற்கே அவனுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

"மேட்டுப் பக்கம் பாக்கலாமா?" என்றான்.

"வேண்டாம். வயித்துல பட்டது தண்ணி கிட்டதான் போகும். ஓடையோரமாவே போவோம். மெதுவா."

டார்லா வில்லில் அம்பைக் கோத்து வைத்துக்கொண்டாள். ஆண்கள் இருவரும் வில் எடுக்காமல், மானை இழுக்கக் கயிறு மட்டும் கொண்டு வந்தார்கள். உயரமாக இருந்ததால் ஓரின் முன்னால் நடந்தான். இரண்டடி வைப்பது, நிற்பது, பார்ப்பது. கோரை முழங்கால் வரை நனைத்தது. ஓடை திரும்பும் இடத்தில் ஒரு வில்லோ மரம் விழுந்து கிடந்தது. அதற்குப் பத்துப் பதினைந்து அடி முன்னால் ஓரின் சட்டென்று நின்று கையைத் தூக்கினான்.

மரத்தின் அந்தப் பக்கம், சாய்ந்த கிளைகளின் கீழே, மான் படுத்திருந்தது. உயிரோடு இருந்தது. தலை நிமிர்ந்திருந்தாலும் காதுகள் தொங்கின. தூக்கக் கலக்கத்தில் இருப்பவனுக்குப் போல முகவாய் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, திடுக்கிட்டு மறுபடி ஏறியது. பரணிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. காலையில் வந்திருந்தால் அது இவர்களைக் கண்டதும் எழுந்து போயே போயிருக்கும்.

ஓரின் மெல்லத் தலையைத் திருப்பினான். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது, துடைக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"என்ன செய்யலாம்? நீ சொல்லு."

பின்வாங்கிப் போய் இன்னும் பொறுக்கலாம். ஆனால் மூன்று பேரைப் பார்த்தும் அது எழவில்லை. முன்னங்கால் ஒன்றை ஊன்றப் பார்த்தது. முடியாமல் மடக்கிக்கொண்டது. போதும், இனி இதற்குப் பொறுமை தேவையில்லை என்று டார்லா முடிவு செய்தாள். தலையை அசைத்து இருவரையும் அங்கேயே நிறுத்தினாள். மழைச் சத்தத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு நாலு அடி பக்கவாட்டில் நகர்ந்தாள். கிளைகளுக்கு நடுவே தோளின் பின்புறம் தெரிந்தது. இழுத்தாள். விட்டாள்.

மான் ஒரு பெருமூச்சு விட்டுத் தலையைத் தரையில் வைத்தது. அவ்வளவுதான்.

"அடிச்சுட்டா!" என்று ராய்ஸ் கூவினான். ஓரின் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாடா, இருட்டறதுக்குள்ள இழுத்துடலாம்" என்று ஒரு காலை முன்னால் வைத்தான்.

"கொஞ்ச நேரம் இருங்க" என்றாள் டார்லா.

வந்தது அவளுக்கு நிம்மதியா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும்தான். மரத்தைச் சுற்றிப் போய் மண்டியிட்டு, சூடு ஆறாத அந்தக் கழுத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று அதனிடம் சொன்னாள். காலையிலிருந்து அடக்கி வைத்த கண்ணீர் மழையோடு மழையாக இறங்கியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ தெரியாது.

திரும்பிப் பார்த்தபோது, ஆறடி உயரமுள்ள க்ரூகர் அண்ணன் தம்பி இருவரும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நனைந்த சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் எழச் சொல்லும்வரை இருவரும் எழவில்லை.