முட்டுக் கம்புகள்

முன்வரிசையில் ரெண்டு சவுக்குக் கம்புகளைக் காணவில்லை. காரிலிருந்து இறங்கியதுமே பிரபாவதி கண்டுபிடித்துவிட்டாள். பொதுப்பணித்துறையில் இருபத்தாறு வருஷம் இன்ஜினியராகக் குப்பை கொட்டியவளுக்கு இதுகூடவா தெரியாது? பிரம்மதேசம் ஊருக்கு வெளியே, அவள் மேற்பார்வையில் கட்சி கட்டும் அன்னதான மண்டபம் அது. கூரைக்குக் கான்கிரீட் போட்டு ஒன்பதே நாள் ஆகிறது. அதைத் தாங்கிநின்ற கம்பு இருந்த இடத்தில் இப்போது வாழைமரம் கட்டியிருந்தார்கள்.

“யாரு பிரிக்கச் சொன்னது?”

மேஸ்திரி மாயவன் தலையைச் சொறிந்தார். “தீனதயாளன் சாருதான் மேடம். தலைவரு வர்றதுக்குள்ள எல்லாத்தயும் ஜல்தி பிரிச்சிடுன்னாரு.”

“மொதல்ல அந்த ரெண்டயும் திரும்ப நிறுத்துங்க. அடியில ஆப்பு டைட்டா இருக்கணும்.”

பத்தரைக்குள் முகூர்த்தம். மாநிலத் தலைவர் மண்டபத்தைத் திறந்துவைத்த கையோடு தொகுதி வேட்பாளரையும் அறிவிக்கப் போகிறார். அது பிரபாவதிதான் என்பது விழுப்புரம் வரைக்கும் தெரிந்த சங்கதி. ஏழு வருஷ உழைப்பு சும்மாவா? நெற்றி நிறைய விபூதியோடு ஆபீஸ் போனவளைச் ‘சாமியார் இன்ஜினியர்’ என்று கிண்டலடித்தார்கள். போங்கடா என்று விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டு, கோயிலும் குடும்பமும் பழைய முறைமையுமே பெரிது என்று பேசுகிற கட்சிக்கு வந்தாள். யாரும் பிடித்துத் தள்ளவில்லை, மனசார நம்பித்தான் வந்தாள். இன்றைக்கும் நம்புகிறாள். அதனால்தான் சாமி பெயரில் நடக்கும் இந்த அவசரக்கோலம் வயிற்றெரிச்சலாக இருந்தது.

மாவட்டத் தலைவர் தீனதயாளன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“இன்னா மேடம், நல்ல நாளும் அதுவுமா பேஜாரு பண்ணிக்கினு? தலைவரு இந்தக் கம்புக்குள்ள குனிஞ்சு குனிஞ்சா போவாரு? போட்டோல எப்படி இருக்கும்?”

“பீம் இருபத்திரண்டு அடி நீளம் சார். இருபத்தோரு நாள் ஆவாம பிரிக்கக் கூடாது.”

“சாமி காரியம் மேடம். சாமி பாத்துக்கும்.”

அவளுக்குச் சுரீரென்றது. சாமியைப் பற்றி இந்த ஆள் தனக்குச் சொல்வதா!

“நானும் முகூர்த்தம் பாக்கறவதான். நல்ல நேரம் போவுதுன்னு வேகாத சோத்த வடிச்சுப் பந்தி போடுவீங்களா? நாளைக்கு இதுக்குக் கீழதான் நம்ம ஜனம் எல போட்டு உக்காரப் போவுது.”

தீனதயாளன் குரலைத் தாழ்த்தினார். “லிஸ்ட்டு தலைவர் பாக்கெட்லதான் இருக்குது. உங்க பேர அடிச்சிட்டு சுதாகர் பேர எழுத ஒரு நிமிஷம் போதும்.”

சுதாகர் கட்சிக்கு வந்து முழுசாக எட்டு மாசம்கூட ஆகவில்லை. மனைத் தரகர்.

ஒரு நொடி சபலம் தட்டியது, பொய் சொல்வானேன். கம்பைப் பிரித்தாலும் கூரை இன்றைக்கே விழாமல் இருக்கலாம். ஒரு மாசம் நிற்கலாம், ஒரு வருஷம் நிற்கலாம். ஆனால் ‘நிற்கலாம்’ என்பதற்குக் கீழே அவள் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை.

“எழுதிக்கச் சொல்லுங்க. ஆனா ஒரு கம்பு மேல யாராவது கை வெச்சா, தலைவரு மைக்கப் புடுங்கி நானே சொல்லுவேன், இங்க யாரும் நிக்காதீங்கன்னு.”

தலைவர் வந்தார். கம்புகளைப் பார்த்தார், தீனதயாளன் காதில் கிசுகிசுத்ததைக் கேட்டார், வாசலிலேயே ரிப்பனை வெட்டிவிட்டு மேடையேறினார். பிரபாவதி கும்பிட்டதைப் பார்க்காத மாதிரி போய்விட்டார். அவர் பேச ஆரம்பித்தபோது அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்பக்க ஏணியில் ஏறினாள். கான்கிரீட் இறுகுவதற்காகத் தினமும் தளத்துக்குக் கட்டவேண்டிய தண்ணீரை விழாவுக்காகக் காலையில் கட்டாமல் விட்டிருந்தார்கள். புதுக் கான்கிரீட் மேல் தண்ணீர் தேங்கக் கட்டிய பாத்திகள் காய்ந்து வெளுத்துக் கிடந்தன.

“நமது வெற்றி வேட்பாளர், அன்புச் சகோதரர் சுதாகர்!”

கீழே சரவெடி கிளம்பியது. அழுதால் இவனுங்களுக்குக் கொண்டாட்டமாகிவிடும் என்று தளத்தில் கிடந்த குழாயைக் கையில் எடுத்தாள்.

“மாயவன், மோட்டாரப் போடுங்க!”

“கீழ மேடைப் பந்தல்ல ஒழுவுமே மேடம்!”

“ஒழுவட்டும்!”

குழாய் ரெண்டு முறை இருமிவிட்டுப் பீறிட்டது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர் ஏறி அவள் கணுக்காலைத் தொட்டது. வெடித்த காகிதத் துணுக்குகள் சிவப்புச் சிவப்பாகப் பறந்துவந்து அதில் விழுந்து மிதந்தன. அவள் குழாயை அடுத்த பாத்திக்குத் திருப்பினாள்.