மூன்றாவது குழாயும் வியர்த்தது

1967-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியற்காலை முதல் தூறல். நண்பகலுக்குப் பின் மழை நின்றதேயொழிய வானம் வெளுக்கவில்லை.

கடலூர் முதுநகரில் உப்பனாற்றை ஒட்டிய பட்டறையில், சிதம்பரத்து அரிசி ஆலை ஒன்றுக்கான நீராவிக் குழாய்கள் கிடந்தன. ஆர்கான் வாயுவின் துணையால் அவற்றைப் பற்றவைத்து இணைத்தவர் சடையப்பன். தேவனாம்பட்டினத்து மீனவர் குடியில் பிறந்து, நாற்பதாம் வயதில் இத்தொழிலைக் கற்றவர். முதலிரண்டு குழாய்களும் தண்ணீர் அழுத்தச் சோதனையில் நீர் கசிந்து வியர்த்துவிட்டன. அறுத்துப் பார்த்தால், ஆப்பத்தின் நடுப்பகுதி போல் இணைப்பெங்கும் ஊசித் துளைகள்.

சிலிண்டரிலிருந்து வரும் வாயுக்குழாயை உதவியாள் கண்ணாயிரம் தளர்வாக மாட்டியதே காரணம் என்று சடையப்பன் காலையில் உறுதிபடக் கூறினார். மூன்றாவதும் கசிந்தால் ஐந்து மணிச் சங்கோடு கண்ணாயிரம் வேலையை விட்டுப் போகவேண்டும் என்று மேஸ்திரி தட்சிணாமூர்த்தி தீர்ப்பளித்தார்.

சடையப்பனின் கூற்றில் கோபமும் கலந்திருந்தது. பண்ருட்டிக்காரரான கண்ணாயிரம் சென்ற வாரம் எல்லோர் முன்னிலையிலும், "என்னா மச்சான், நீ பத்த வச்சா மீன் வறுக்குற வாசன வருது. சோறு எடுத்தாரவா?" என்று கேட்டிருந்தார். பிறந்த குடியைச் சொல்லிக் குத்தியதாகவே அது சடையப்பன் நெஞ்சில் தைத்திருந்தது.

மூன்று மணிக்கு மூன்றாவது குழாயும் வியர்த்தது. கண்ணாயிரம் தம் சோற்றுத்தூக்கைக் கழுவி எடுத்து வைத்தார்.

அதைக் கண்ட சடையப்பனுக்கு மனம் ஒப்பவில்லை. வாயுக்குழாயின் மூட்டுகளில் சோப்பு நீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட எழவில்லை. காற்றைத் தடுக்கத் தார்ப்பாய் கட்டியிருந்ததால், காற்று வாயுவைக் கலைத்ததாகவும் சொல்வதற்கில்லை. துண்டு இரும்பு இரண்டை ஒட்டி வைத்து, இணைப்பை நிரப்பும் கம்பியைச் சேர்க்காமல் உருக்கினார். இணைப்பு வழவழவென்று ஆறியது. கம்பியைச் சேர்த்து உருக்கினார். பொரிந்து துளை விழுந்தது.

கம்பியை வெள்ளைத் துணியால் துடைத்தார். துணி மஞ்சளாயிற்று.

உப்புக் காற்றில் துருவேறாதிருக்க, நாள்தோறும் மாலையில் அக்கம்பிகளுக்குச் சுறா ஈரல் எண்ணெய் பூசி வைத்தவர் அவரேதான். அந்த எண்ணெய்தான் சூட்டில் புகைந்து இணைப்பைத் துளைத்திருக்கிறது. தூண்டில் முள்ளோ, நங்கூரமோ, எந்த இரும்பையும் உலர்ந்தபடி தூங்க விடலாகாது என்பது அவர் வீட்டு வழக்கம். கம்பியை மோந்து பார்த்தார். பிறந்தது முதல் அந்த வாடையிலேயே வளர்ந்த மூக்குக்கு ஒன்றும் புலப்படவில்லை.

"கண்ணாயிரம், இத மோந்து பாரு."

"மீனுதான். அன்னிக்கே சொன்னேன்ல?"

"நீ கிண்டல் பண்றேன்னு நெனச்சேன்."

"கிண்டலுந்தான் பண்ணேன் மச்சான். வாசனையும் நெசந்தான்."

சடையப்பன் கம்பியோடு மேஸ்திரியிடம் போனார். வாய் திறந்தால் பற்றவைக்கும் டார்ச் கைவிட்டுப் போகும் என்பதை அறிந்தே போனார்.

"மேஸ்திரி, அவன் மேல தப்பு இல்ல. கம்பிக்கி எண்ண பூசுனது நானு."

"யாருய்யா பூசச் சொன்னது?"

"யாரும் சொல்லல. எங்க வூட்டுல இரும்ப அப்படித்தான் வப்போம்."

மேஸ்திரி கம்பியை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார். "ஆலையில நீராவி ஏத்துனப்பறம் வெடிச்சிருந்தா எத்தன பேரு வெந்துருப்பான்? நாளையிலேர்ந்து டார்ச்சத் தொடாத, சாணச் சக்கரத்துல இரும்பு தேய்க்கப் போ. கண்ணாயிரம் இருக்கட்டும்."

சடையப்பன் டார்ச்சைத் துடைத்து ஆணியில் மாட்டினார். கண்ணாயிரம் சோற்றுத்தூக்கைத் தரையில் வைத்துவிட்டுச் சென்று, சிலிண்டரின் வாயை இறுக மூடினார். அப்போது மணி நான்கு நாற்பத்திரண்டு.