விரிசலின் மேல் ஒட்டிய கண்ணாடி

கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. போன வருஷம் மாசியில், பாலங்களைச் சோதிக்கும் பொறியாளன் வசந்த்குமார் தன் கையால் ஒட்டியது. கால்வாய்ப் பாலத்தின் அடியில், நடுத்தூணில் ஆளுயரத்தில் ஓடும் விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளத்துக்கு மெல்லிய கண்ணாடி. இரு முனையிலும் சிமெண்ட் பூச்சு. விரிசல் மயிரளவு அகன்றாலும் அது உடையும். கல் பட்டாலும் உடையும்.

டார்ச் அடித்துப் பார்த்தான். உடைந்த கோடு பாதி தூரம் விரிசலின் மேலேயே போய், பிறகு விலகிச் சாய்ந்தது. கல் பட்ட நொறுங்கல் எதுவும் இல்லை. இருந்து உதிர்ந்திருக்கவும் கூடும். கையிலிருந்த படிவத்தில் ஒரே ஒரு கட்டம் மீதி. தூணின் நிலைக்கு ஒன்பதுக்கு எத்தனை மதிப்பெண்? ஐந்து போட்டால் பாலத்தில் வண்டிகள் இப்படியே ஓடும். நான்கு போட்டால் பஸ், லாரி எதுவும் ஏறக் கூடாது. உத்திரமேரூர் போக ஏரியைச் சுற்றிப் பதினோரு கிலோமீட்டர்.

மூன்று வருடங்களுக்கு முன் வேறொரு மாவட்டத்தில், இதே போன்ற கட்டத்தில் ஐந்து போட்டான். ஐப்பசி மழையில் அந்தப் பாலம் ஒரு பால் வண்டியோடு உட்கார்ந்தது. வெள்ளம்தான் காரணம் என்று விசாரணையில் எழுதினார்கள். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஓட்டுநரின் ஒற்றைச் செருப்பு தூணருகே சேற்றில் செருகி நின்றது. இப்போதெல்லாம் தன் வீட்டுச் சுவரில் பூச்சு வெடித்தால்கூட நகத்தை வைத்து அளந்து பார்க்கிறான்.

"அத்த நான்தான் ஒடச்சேன் சார்."

பாலத்து நிழலில் ஆடுகளோடு உட்கார்ந்திருந்த செவ்வந்தி சொன்னாள். நடவு, அறுப்பு இல்லாத நாட்களில் ஆடு மேய்ப்பவள்.

"இன்னாத்துக்கு ஒடச்சீங்க?"

"வோணும்னா ஒடப்பாங்க? ஆட்டுக்குக் கல்லு வுட்டேன், பட்டுச்சி."

"எப்போ?"

"பொங்கல் கயிச்சி."

"எந்தப் பக்கம் நின்னுக்கினு வுட்டீங்க?"

"நீ இன்னா சார், போலீசா? ஒரு கண்ணாடிக்கு இம்மாம் பேஜாரா? நானே ஒண்ணு வாங்கித் தரேன்." பிறகு குரலைத் தணித்தாள். "பாலத்த மூடிட்டா கம்பெனி பஸ்ஸு ஊருக்குள்ள வராது. எம்பொண்ணு ஏஞ்சலு அதுலதான் போயிக்கினு கீது. பஸ்ஸு நின்னா வேலயும் நின்னுபூடும்."

பொய்யாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சுத்தியலால் தூணைத் தட்டினான். கெட்டியாகக் கேட்டது. ஒரு அடி தள்ளித் தட்டினான், உள்ளே பொள்ளல் இருப்பதுபோல் கொஞ்சம் மந்தம். மறுபடி தட்டியபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை.

"உங்களுக்கு எப்படிக் கேக்குது?"

"தட்ற மாரி கேக்குது."

சிரித்துவிட்டான். ஐந்து எழுதப் பேனாவைத் திறந்தான். தொலைவில் ஹாரன் கேட்டது.

"ஏஞ்சல் வர்ற பஸ்ஸா?"

"ஆமா. மூணு மணி பஸ்ஸு."

படுத்திருந்த ஆடுகள் எழுந்தன. யாரும் அதட்டவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பாலத்தின் நிழலை விட்டு வெளியேறி, கால்வாய் மணலில், வெயிலில் போய் நின்றன. செவ்வந்தியும் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவற்றின் பின்னால் நடந்தாள். அங்கே நின்று, முந்தானையை நெற்றிக்கு மேல் பிடித்தபடி, மேலே பார்த்தாள்.

பஸ் ஏறியது. கண்ணாடியின் மேல் டார்ச் வெளிச்சம் நடுங்கியது. நடுங்கியது கையா, தூணா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

சத்தம் ஊர்ப்பக்கம் போய்த் தேய்ந்தது. படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் காலி. ஆடுகள் திரும்பி வந்தன. அவனைச் சுற்றி, விட்டுப்போன இடங்களிலேயே படுத்துக்கொண்டன.